முதலில் சூடு, அப்புறம்தான் பால்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். சுங்கை சிப்புட்டிலிருந்து தம்பி குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்திருந்தான். எல்லாரும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள். அவன் மகன் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. மடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி, மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லித்தான் திறந்தான்.

பழைய சட்டைத் துணிக்குள் இரண்டு அணில் குட்டிகள். உடம்பில் ஒரு முடி கிடையாது. கண் திறக்கவில்லை. என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. காலையில் தம்பி வீட்டுக்குப் பின்னால், பழைய தோட்டத்து எல்லையில் நின்ற ரப்பர் மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். கிளைக்கவட்டில் இருந்த கூடு மரத்தோடு விழுந்தது. தாய் அணில் அடியில் நசுங்கிக் கிடந்ததைப் பையன் கண்ணால் பார்த்திருக்கிறான். எறும்பு மொய்க்குமுன் குட்டிகளை அள்ளிக்கொண்டான்.

ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது.

"ஏதாச்சும் குடுத்தியா?"

"டின் பால்தான் அத்தை. தண்ணி கலந்து, பஞ்சுல நனைச்சு."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏன் என்று பையனுக்குத் தெரிய நியாயமில்லை. அவன் அப்பாவுக்குத் தெரியும். கதவோரம் நின்ற தம்பி என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

டின் பாலில் போன உயிர்

எழுபதுகளில் நாங்கள் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைகள். எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருநாள் பால்மரக் காட்டு ஓரத்தில் ஓர் அணில் குட்டி கிடைத்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பசிக்குப் பால் கொடுப்பது. தேத்தண்ணிக்கு வைத்திருந்த டின் பாலைத் திருடி, விளக்குத் திரியில் நனைத்து ஊட்டினோம். குட்டி சப்பிக் குடித்தது. வயிறு புடைக்கப் புடைக்கக் கொடுத்தோம். இரவு தம்பி அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே தூங்கினான்.

விடியும்போது அது விறைத்திருந்தது. "பால் குடுத்தோம்ல, ஏன் செத்துச்சு?" என்று தம்பி அன்று முழுக்கக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரிந்துகொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சீனி சேர்த்த டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். அணில் தாயின் பாலிலோ கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைவிட மிக அதிகம். பசும்பாலோ டின் பாலோ கொடுத்தால் குட்டிக்கு வயிறு ஊதும், கழிச்சல் எடுக்கும், உடம்பில் இருக்கிற கொஞ்ச நீரும் போய்விடும். இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை அன்று மாலை என் அம்மா சொன்னார்.

"வயிறு அப்புறம்டி"

அம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. என்னோடு புந்தோங்கில் இருக்கிறார். மரம் வெட்டிய காலம் போக, கடைசிச் சில ஆண்டுகள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர். இருட்டோடு வெட்டுக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போவது அங்கேதான். தொட்டில் தொட்டிலாகத் துணி கட்டியிருக்கும். எத்தனை பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தார் என்று அவருக்கே கணக்கில்லை.

நான் பால் பவுடர் தேட அடுப்படிக்கு ஓடினேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்தபடியே குட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "வயிறு அப்புறம்டி. மொதல்ல ஒடம்பு சூடு. பனியில நனைஞ்சு வர்ற பிள்ளைக்கு நாங்க ஒடனே பால் குடுக்க மாட்டோம். துணியில சுத்தி நெஞ்சோட வச்சுக்குவோம்."

அன்றிரவு கைத்தொலைபேசியில் தேடிப் படித்தபோது, வனவிலங்கு மீட்பில் அனுபவப்பட்டவர்கள் முதல் விதியாகச் சொல்வதும் அதையேதான். முடி முளைக்காத குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலையை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் உள்ளே போகும் பால் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். நாங்கள் சிறுவயதில் செய்த கொலை அதுதான். குளிர்ந்த குட்டிக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தோம்.

வெந்நீரைப் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, துண்டில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். மறுபக்கம் சும்மா விட வேண்டும். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமல்லவா? இந்த வயதுக் குட்டிக்குப் பெட்டிக்குள் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருந்தால் போதும். தண்ணீர் ஆறிப்போனால் அந்தப் போத்தலே குட்டியின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம்.

குட்டிகள் வெதுவெதுப்பாகி, தோல் இளஞ்சிவப்புக்கு வர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. முதுகுத் தோலை மெதுவாகக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். சட்டென்று படியாமல் கூடாரம் போல நின்றது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருந்த அளவுப்படி கரைத்து, வெதுவெதுப்பாக்கி, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். சமையல் தராசில் பெரியது 18 கிராம், சிறியது 15 கிராம். ஒரு வேளைக்கு உடம்பு எடையில் 100-க்கு 5 பங்கு என்பது பொதுவான கணக்கு. 18 கிராம் குட்டிக்கு ஒரு மில்லிக்கும் குறைவு. டின் பாலில் பஞ்சை நனைத்துப் பிழிந்தால் எத்தனை மில்லி போகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு வேலையையும் அம்மாவே நினைவுபடுத்தினார். "ஒண்ணுக்குப் போச்சா?" இந்த வயதில் குட்டி தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்காது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவிவிட வேண்டும். பலர் இதை அறியாமல், நன்றாகப் பால் குடித்த குட்டியையும் பறிகொடுக்கிறார்கள்.

சிறிய குட்டி ஓ.ஆர்.எஸ். நீரைக்கூட விழுங்கவில்லை. வயிறு தம்பட்டம் போல ஊதியிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்குப் போய்விட்டது. பையனிடம் என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தம்பியே அவனை எழுப்பிப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னான். "நானும் உன் வயசுக்கு முன்னாடி இதே தப்பத்தான் பண்ணேன்டா."

காதோரம் ஒரு சத்தம்

மறுநாள் மதியம் பெரிய குட்டி பால் குடிக்கத் தொடங்கியிருந்தது. செல்லப்பிராணிக் கடையில் விற்கும் நாய்க்குட்டிப் பால் பவுடர்தான். அது கிடைக்காத இடத்தில் ஓரிரு நாள் சமாளிக்க ஆட்டுப்பால் உதவும். எடுத்த எடுப்பில் முழுப் பாலைக் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று வேளை ஓ.ஆர்.எஸ். மட்டும், பிறகு ஒரு பங்கு பாலுக்கு மூன்று பங்கு ஓ.ஆர்.எஸ். நீர், பிறகு சரிபாதி, அதன் பிறகே முழுப் பால்.

அப்போதுதான் அந்தச் சத்தம். குட்டியைக் காதருகே கொண்டு போனால், ஒவ்வொரு மூச்சுக்கும் பேனா மூடியைத் திறந்து மூடுவது போல் ஒரு சின்ன 'டிக்'. மூக்கில் ஒரு குமிழி. பஞ்சில் கொடுத்த பால் மூச்சுக்குழாய்க்குள் போய், நுரையீரலில் சளி கட்டிவிட்டது. நிமோனியா. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அம்மா ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கலாம் என்றார். நான் முதல்முறையாக அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இரண்டு கிளினிக்குகளில் காட்டு விலங்குகளைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லா மருத்துவருக்கும் இதில் பழக்கம் இருப்பதில்லை. மூன்றாவது இடத்தில் ஓர் இளம் மருத்துவர் குட்டியைத் தராசில் வைத்தார். மருந்தின் அளவை அதன் எடைக்குக் கணக்குப் போட்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்த்தார். கொடுக்கச் சொன்ன மருந்து ஒரு சொட்டுக்கும் குறைவு. "வீட்டுல மிச்சம் இருக்குற ஆன்டிபயாடிக்க ஒடச்சிக் குடுத்திருந்தா அதுவே முடிச்சிருக்கும் ஆன்ட்டி" என்றார்.

பால் கொடுக்கும் விதத்தையும் அவர்தான் திருத்தினார். கைக்குழந்தையை மல்லாத்திக் கிடத்துவது போல அணிலைக் கிடத்தக் கூடாது. தலை மேலாக, உடம்பு சற்றே முன்சாய்ந்து, தாய் மடியில் நின்று குடிப்பது போலப் பிடிக்க வேண்டும். சிரிஞ்சை அழுத்தாமல் உதட்டில் ஒரு சொட்டு வைத்து, அது நக்கி விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழே சாய்த்துத் துடைத்துவிட வேண்டும். வேளைக்கு அரை மில்லிக்கு மேல் வேண்டாம், இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும்.

ஐந்து நாட்கள் அப்படிப் போயின. பகலில் அம்மா, இரவில் நான். அம்மாவின் கை நடுங்கும். சிரிஞ்சைப் பிடிக்க முடியாது. ஆனால் நேரம் தவறாமல் என்னை எழுப்பிவிடுவார். ஆறாம் நாள் காலையில் குட்டியைக் காதில் வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. பயந்துபோய் நெஞ்சைப் பார்த்தேன். மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, சத்தமே இல்லாமல். அன்றுதான் அது என் விரலைச் சிரிஞ்சு என்று நினைத்து வெறியோடு சப்பியது.

மூன்று கோடு எங்கே?

இரண்டாவது வாரம் முடி முளைத்தது. ஒரு மாதம் நெருங்கும்போது கண் திறந்தது. பையன் ஓடிவந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனான். "அத்தை, மூணு கோடு காணோமே?"

இராமர் அணிலின் முதுகைத் தடவிக் கொடுத்ததால் மூன்று கோடு விழுந்தது என்று தமிழ்ப்பள்ளியில் படித்திருக்கிறான். தொல்காப்பியமே அணிலை மூன்று வரி உடையது என்றுதான் அடையாளம் சொல்கிறது. அதெல்லாம் தமிழ்நாட்டு அணில். நம் பேராக்கில் வீட்டு வேலியில் ஓடுவது வேறு இனம். மலாய்க்காரர்கள் துப்பாய் பினாங் என்பார்கள். முதுகு பழுப்பு, அடிவயிறு செம்மண் நிறம், இரண்டு விலாவிலும் கறுப்பும் வெளிறிய வெள்ளையுமாகப் பட்டை. நம் தாத்தாக்கள் கப்பலேறி வந்து இறங்கியபோது, மூன்று கோட்டு அணிலை அங்கேயே விட்டுவிட்டு இதைப் பார்த்திருப்பார்கள்.

மனிதன் நட்ட மரத்தில் வாழக் கற்றுக்கொண்ட அணில் இது. 1877-இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதன் பிறகு காடு அழிந்து பால்மரக் காடு ஆனது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் அதுவும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தென்னை, கொக்கோ விவசாயிகள் இந்த அணிலைத் திட்டுவார்கள். அது ஒவ்வொரு முறையும் கிடைத்த மரத்தில் கூடு கட்டிக்கொண்டு தொடர்ந்து வாழ்கிறது. நாமும் லயத்திலிருந்து பெயர்ந்து அப்படித்தானே வந்தோம் என்று அம்மா சொல்வார். மரம் சாயும்போது முதலில் விழுவது குட்டிகள்தான்.

கச்சாங் வேண்டாம்

எங்கள் புந்தோங் கச்சாங் பூத்தேவுக்குப் பேர் போன இடம். அக்கம்பக்கத்தார் அணில் பிழைத்த செய்தி கேட்டு ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்துவிட்டார்கள். வாங்கி வைத்துக்கொண்டு நாங்களே தின்றோம். நிலக்கடலையும் சூரியகாந்தி விதையும் அணிலுக்குப் பிடிக்கும். ஆனால் அவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு மெலிந்து பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். பாலை மெதுவாகக் குறைத்து, இலை, காய், கொஞ்சம் பழம், மரப்பட்டையோடு கூடிய கிளை என்று பழக்கினோம்.

சுத்தத்தில் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். அணிலும் கொறிக்கும் பிராணிதான். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலை இங்கே எல்லாரும் அறிவோம். ஜெர்மனியில் 2011 முதல் 2013 வரை, வெளிநாட்டு அணில்களை வளர்த்த மூன்று பேர் மூளைக் காய்ச்சலில் இறந்தார்கள். அவர்கள் வளர்த்த அணிலிடமிருந்து வந்த ஒரு வைரஸ் என்று 2015-இல் வெளியான ஆய்வு சொன்னது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. கையுறை போடுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கடித்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், முத்தம் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

சட்டமும் உண்டு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பட்டியலில் உள்ள விலங்குகளை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. நம் கையில் உள்ளது எந்த அணில், எந்தப் பட்டியல் என்று நாமே ஊகிக்க வேண்டியதில்லை. பெர்ஹிலித்தான் என்று நாம் சொல்லும் வனவிலங்கு இலாகாவுக்கு ஈப்போவிலேயே மாநில அலுவலகம் இருக்கிறது. தேசிய வனவிலங்கு மீட்பு மையமும் நம் பேராக்கிலேயே, சுங்காயில் உள்ளது. மருத்துவர் சொன்னபடி நாங்கள் தகவல் கொடுத்துவிட்டுத்தான் வளர்த்தோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் குட்டிகளுக்குத் தாய் செத்தது கண்ணால் கண்ட உண்மை. எல்லாக் குட்டியும் அநாதை அல்ல. காற்றில் கூடு விழுந்திருந்தால், தாய் பெரும்பாலும் பக்கத்துக் கிளையில்தான் தவித்துக்கொண்டிருக்கும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. குட்டியைச் சூடாக்கி, சிறு பெட்டியில் வைத்து, பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் அதே மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். தாய் வந்து கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். அணில் பகல் பிராணி. இருட்டிய பிறகு வராது. அந்தி வரை வராவிட்டால்தான் நம் வேலை.

கதவைத் திறந்த நாள்

பன்னிரண்டாவது வாரம் தம்பி வீட்டுக்குக் கொண்டு போனோம். புந்தோங் தெருவில் பூனை அதிகம். அங்கே ரம்புத்தான், மாங்காய், சிக்கு மரங்கள் உண்டு. கூண்டை மரத்தடியில் ஒரு வாரம் வைத்து, அந்த இடத்துச் சத்தமும் வாடையும் பழகிய பிறகு கதவைத் திறந்துவிட்டோம். முதல் நாள் வாசல் வரை வந்து திரும்பிவிட்டது. இரண்டாம் நாள் ரம்புத்தான் மரத்தின் பாதி. மாலையில் கூண்டுக்கு வந்து தூங்கியது. பத்து நாள் அப்படி. பிறகு ஒருநாள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

பையன் புலனத்தில் குரல் பதிவு அனுப்பினான். "அத்தை, வச்ச பழம் அப்படியே இருக்கு. செத்துப் போச்சா?"

தெரியாது என்றுதான் பதில் சொன்னேன். பாம்பு பிடித்திருக்கலாம், பருந்து தூக்கியிருக்கலாம், இரண்டு மரம் தள்ளி நன்றாகவும் இருக்கலாம். காட்டுப் பிராணியை வளர்க்கிறவருக்கு அந்தப் பதில் கிடைக்காது. கூப்பிட்டால் தோளில் வந்து உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மனிதனைக் கண்டு பயப்படாத அணில், கல்லெறிகிற மனிதனிடமும் அப்படித்தான் போய் நிற்கும்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி ஒரு படம் அனுப்பினான். உயரத்தில், இலைகளுக்கு நடுவே ஒரு செம்பட்டை வயிறு. எங்களுடையதா வேறொன்றா என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

அந்தச் சப்பாத்துப் பெட்டியை நான் வீசவில்லை. போத்தல், துண்டு, சிரிஞ்சு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. மூடியின் மேல் பையன் தன் கோணல் எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறான்: 1. சூடு. 2. தண்ணி. 3. பால். பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு டின் படம், அதன் மேல் பெருக்கல் குறி.